வீட்டு வைஃபை மந்தமானால்: ரிப்பீட்டரா, மெஷ்ஷா, கேபிளா?

வைஃபை எதிர்பார்த்த வேகம் தராதபோது கூடுதல் வேகத் திட்டத்துக்கு மாறலாம், புதிய ரவுட்டர் வாங்கலாம், ரிப்பீட்டரோ (சிக்னலை வாங்கித் திருப்பி அனுப்பும் கருவி) மெஷ்ஷோ (ஒரே வலையமைப்பாகச் சேர்ந்து இயங்கும் பல வைஃபை கருவிகள்) வைக்கலாம், கேபிள் இழுக்கலாம். இவற்றுள் எது பொருந்தும் என்பது வேகம் எந்த இடத்தில் குறைகிறது என்பதைப் பொறுத்தது. ஆகவே எதையும் வாங்குவதற்கு முன், மடிக்கணினியைக் கேபிள் வழியாக ரவுட்டரில் இணைத்து வேகச் சோதனை செய்ய வேண்டும்.

300 மெகாபிட் திட்டத்தில் கேபிள் வழியிலும் எண் 94-ஐத் தாண்டாமல் நின்றால், குற்றம் வைஃபையினுடையது அன்று. எங்கோ ஓர் இணைப்பு 100 மெகாபிட் அளவிலேயே ஓடுகிறது என்பதற்கு அந்த 94 ஏறக்குறைய உறுதியான அடையாளம். ரவுட்டரின் அல்லது மடிக்கணினியின் போர்ட் பழைய வகையாக இருக்கலாம். அல்லது கேபிளின் நான்கு ஜோடிக் கம்பிகளுள் ஒன்று அறுந்து, கிகாபிட் இணைப்பு 100-க்கு இறங்கியிருக்கலாம். பின்னதற்கு ஒரு புதிய கேபிளே மருந்து. (பதிவிறக்கத்தில் 37 என்று பார்த்து ஏமாற்றமடைவோர் அது மெகாபைட் கணக்கு என்பதைக் கவனிக்க வேண்டும், 300 மெகாபிட் என்பது 37.5 மெகாபைட்தான்.)

கேபிளில் முழு வேகமும் வந்து வைஃபையில் மட்டும் குறைந்தால், செலவில்லாத வழிகளை முதலில் பார்ப்பதே முறை. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை சுவரை எளிதாகக் கடக்கும். ஆனால் வைஃபை 4 தரத்தில், 20 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில், இரண்டு ஆண்டெனா உள்ள கருவிக்கு அதன் உச்ச இணைப்பு வேகமே 144 மெகாபிட்தான். கையில் கிடைப்பது அதில் பாதியை ஒட்டியிருக்கும். அதே கருவி வைஃபை 5 தரத்தில், 5 கிகாஹெர்ட்ஸில், 80 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில் 866 வரை இணையும். ஆயினும் இரண்டு கான்கிரீட் சுவர்களுக்கு அப்பால் தளர்ந்துவிடும். இரண்டு அலைவரிசைகளுக்கும் ஒரே பெயர் இருந்தால் கைபேசி எதில் இணைந்திருக்கிறது என்பது தெரிவதில்லை. சோதிக்கும் வரையிலாவது தனித்தனிப் பெயர் வைப்பது நல்லது. 2.4-இல் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள், அதாவது அலைவரிசையின் உட்பிரிவுகள், 1, 6, 11 மட்டுமே. நெரிசலுக்குத் தப்புவதாக எண்ணி 3-ஐத் தேர்ந்தால், 1, 6 இரண்டிலும் இருப்பவர்களோடு மோத நேரிடும். பாதுகாப்பு அமைப்பு டிகேஐபி என்ற பழைய குறியாக்க முறையில் இருந்தால் இணைப்பு 54 மெகாபிட்டைத் தாண்டாது என்பதையும் பலர் கவனிப்பதில்லை.

ரவுட்டரை வீட்டின் நடுப்பகுதிக்கு மாற்றியும் தொலைவான அறைக்கு வேகம் எட்டவில்லை என்றால்தான் உண்மையான போட்டி தொடங்குகிறது. ரிப்பீட்டர் மலிவானது, ஆனால் ஒரே சேனலில் வாங்கி அதே சேனலில் திருப்பி அனுப்பும் வகை, வேகத்தை ஏறக்குறையப் பாதியாக்கிவிடும். அதைச் சிக்னல் வராத அறையிலேயே செருகிவைப்பது பரவலான வழக்கம். அப்போது கைபேசியில் கோடுகள் எல்லாம் நிறைந்திருக்கும், படமோ சுற்றிக்கொண்டே இருக்கும். ஏனெனில் அந்தக் கோடுகள் கைபேசிக்கும் ரிப்பீட்டருக்கும் இடையிலான நிலையை மட்டுமே காட்டுகின்றன. ரவுட்டரின் சிக்னல் இன்னும் −65 டிபிஎம் (சிக்னல் வலிமையின் அலகு; பூஜ்யத்தை நெருங்க நெருங்க வலிமை அதிகம்) அளவுக்குக் கிடைக்கும் பாதி வழியில்தான் அதை வைக்க வேண்டும்.

மெஷ் இதைவிட மேல்தான், ஆனால் விளம்பரங்கள் சொல்லும் அளவுக்கு அன்று. அறை மாறும்போது கைபேசியை அருகிலுள்ள முனைக்கு, அதாவது மெஷ் கருவிக்கு, மாற வழிகாட்டுவதும், மூன்று ரேடியோ உள்ள வகையில் முனைகளுக்கிடையே தனிப் பாதை அமைவதும் அதன் சிறப்புகள். கம்பியில்லாமல் இயங்கும் இரண்டு ரேடியோ மெஷ்ஷைச் சீராக நிர்வகிக்கப்படும் ரிப்பீட்டர் என்றே மதிப்பிடுவேன்.

கேபிள் இழுத்து மறுமுனையில் ஆக்சஸ் பாயின்ட் (கேபிளில் வரும் இணைப்பை வைஃபையாகத் தரும் கருவி) வைப்பது இரண்டையும் வெல்லும். சாதாரண கேட்5இ கேபிளே 100 மீட்டர் வரை கிகாபிட் வேகத்தைக் கொண்டுசெல்லும். ரவுட்டரும் ஆக்சஸ் பாயின்ட்டும் வெவ்வேறு சேனலில் இயங்கலாம். பழைய ரவுட்டரையே பெரும்பாலும் ஆக்சஸ் பாயின்ட்டாக மாற்றிக்கொள்ளலாம். சுவரில் துளையிட வேண்டும் என்பதுதான் குறை. துளையிட முடியாத வாடகை வீட்டில் மின்கம்பி வழியே தரவு அனுப்பும் அடாப்டர் ஒரு மாற்று. ஆனால் பெட்டியில் அச்சிட்ட எண்ணை அதனிடம் எதிர்பார்க்கக் கூடாது, எக்ஸ்டென்ஷன் போர்டிலும் செருகக் கூடாது.

புதிய ரவுட்டர், இருப்பது வைஃபை 4 காலத்ததாகவோ 100 மெகாபிட் போர்ட் உள்ளதாகவோ இருந்தால் மட்டுமே பெரிய மாற்றம் தரும். எட்டு ஆண்டெனா இருந்தாலும் கைபேசியில் இருப்பவை இரண்டுதான். கூடுதல் வேகத் திட்டத்தைக் கடைசியாகவே கருதுவேன்: கேபிள் சோதனையில் முழு வேகமும் வந்து, அதையும் வீட்டார் முழுவதுமாகப் பயன்படுத்தித் தீர்த்தால் மட்டும். ஒருவர் கோப்புகளைப் பதிவேற்றும்போது இன்னொருவரின் காணொளி அழைப்பு திக்கினால், அதற்குக் காரணம் ரவுட்டரில் தேங்கும் வரிசை. அந்த வரிசை தேங்காமல் ஒழுங்குபடுத்தும் எஸ்க்யூஎம் வசதி ரவுட்டரில் இருந்தால் அதை இயக்கி, பதிவேற்ற வரம்பை உண்மையான வேகத்தில் சுமார் 90 விழுக்காடாக வைத்தாலே பெரும்பாலும் போதும்.