மாடி அறைக்கு வைஃபை: எக்ஸ்டெண்டரா, மெஷ்ஷா, கேபிளா?

கீழ்த்தளத்து ஹாலில் ஃபைபர் பெட்டி. மாடியில், எதிர்மூலை அறையில் படிக்கிற பிள்ளை. இடையில் இரும்புக் கம்பி பின்னிய கான்கிரீட் தளமும் ஒன்பது அங்குலச் செங்கல் சுவர்களும். ஆன்லைன் வகுப்பில் ஆசிரியரின் முகம் பாதியில் உறைந்து நிற்கிறது. கடையில் கேட்டால் எக்ஸ்டெண்டர் ஒன்றை எடுத்து நீட்டுவார்கள். அலுவலக நண்பர், பல பெட்டிகள் சேர்ந்து ஒரே வைஃபையாக இயங்கும் மெஷ் வாங்கச் சொல்வார். பக்கத்து வீட்டுக்காரர், "பழைய ரவுட்டர் சும்மாதானே கிடக்கிறது, கேபிள் இழுத்து மாடியில் மாட்டுங்கள்" என்பார். மூன்றுமே வேலை செய்யும். எந்த வீட்டுக்கு எது என்பதில்தான் பணம் வீணாகிறது.

என் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கேபிள் கொண்டுபோக வழி இருக்கிற வீட்டில் கேபிளை மிஞ்ச எதுவும் கிடையாது. அந்த வழி அடைபட்ட வீட்டில்தான் எக்ஸ்டெண்டரா மெஷ்ஷா என்று யோசிக்க வேண்டும். அங்கேயும் விலை குறைந்த எக்ஸ்டெண்டரே போதுமான வீடுகள் பல உண்டு.

வாங்கும் முன் ஓர் அளவு

எதையும் வாங்குவதற்கு முன் ரவுட்டருக்கு அருகில் நின்று வேகத்தை அளந்து பாருங்கள். அங்கேயே 100 எம்.பி.பி.எஸ். (நொடிக்கு இத்தனை மெகாபிட் என்ற வேக அளவு) திட்டத்தில் 20தான் வருகிறது என்றால் கோளாறு இணைப்பிலோ ரவுட்டரிலோ இருக்கிறது. எக்ஸ்டெண்டர் அந்த 20-ஐத்தான் மாடிக்குச் சுமக்கும்.

அடுத்து சிக்னல். ஆண்ட்ராய்டு போனில் இதை அளக்க இலவசச் செயலிகள் கிடைக்கின்றன. எண் மைனஸில் வரும். பூஜ்யத்தை நெருங்க நெருங்க நல்லது. மைனஸ் 50 என்றால் அருமை. மைனஸ் 65 வரை வீடியோ அழைப்புக்குக் கவலையில்லை. மைனஸ் 75-ஐத் தாண்டினால் திணறல் தொடங்கும், 80-ஐத் தாண்டினால் இணைப்பு பெயருக்குத்தான். அறை அறையாக, படிக்கட்டிலும் நின்று இந்த எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பின்னால் எந்தப் பெட்டியை எங்கே வைப்பது என்பதை இந்தக் குறிப்புதான் சொல்லப்போகிறது.

ரவுட்டர் இருக்கும் இடத்தையும் ஒருமுறை பாருங்கள். ஃபைபர் போட வருபவர், கம்பி வீட்டுக்குள் நுழையும் இடத்திலேயே பெட்டியை மாட்டிவிட்டுப் போய்விடுவார். பெரும்பாலும் அது வாசல் ஓரம் அல்லது டி.வி. அலமாரியின் உள்தட்டு. அருகில் இரும்பு பீரோ நின்றால் அந்தத் திசையில் சிக்னல் அடிபடும். பெட்டியை அலமாரியிலிருந்து வெளியே எடுத்து, ஆள் உயரத்தில், படிக்கட்டைப் பார்த்த சுவரில் மாட்டினாலே மாடியில் எண் மாறுவதைக் காணலாம். ஃபைபர் கம்பி மெல்லியது. உள்ளே இன்னும் பத்து மீட்டர் நீட்டித்தரச் சொல்லிக் கேட்பதில் தவறில்லை. செலவே இல்லாமல் சிக்கல் தீர்கிற வீடுகளும் இருக்கின்றன.

எக்ஸ்டெண்டர்: கொடுத்த காசுக்கு எவ்வளவு?

எக்ஸ்டெண்டர் என்பது ரவுட்டரின் வைஃபையை வாங்கி மறுபடி பரப்பும் சிறு பெட்டி. விலை குறைந்தவற்றில் ஒரே ரேடியோதான் (அலையை வாங்கி அனுப்பும் பாகம்) இருக்கும், அதுவும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில். ரவுட்டரிடமிருந்து தரவை வாங்குவதும் போனுக்கு அனுப்புவதும் அந்த ஒரே ரேடியோவின் வேலை. இரண்டையும் ஒரே நேரத்தில் செய்ய முடியாததால் வேகம் ஏறக்குறைய பாதியாகிறது. பெட்டியைக் குறை சொல்லிப் பயனில்லை, அதன் அமைப்பே அப்படி.

பெட்டியின் மேல் '300 எம்.பி.பி.எஸ்.' என்று பெரிதாக அச்சிட்டிருப்பார்கள். இந்த எண் எனக்குக் கோபத்தையே தருகிறது. 300 என்பது அலைப்பாதை 40 மெகாஹெர்ட்ஸ் அகலமாக இருக்கும்போது, காகிதத்தில் வரும் உச்சம். அக்கம்பக்கத்து வைஃபைகள் நெரிக்கும் தெருவில் 2.4 கிகாஹெர்ட்ஸ் கருவிகள் 20 மெகாஹெர்ட்ஸுக்கு இறங்கிவிடும். அப்போது உச்சம் 144. கையில் கிடைப்பது அதிலும் சுமார் பாதி. எக்ஸ்டெண்டர் அதை மறுபடி பாதியாக்கும். சுவரும் தூரமும் தம் பங்கை எடுத்துக்கொண்டபின் 20, 30 எம்.பி.பி.எஸ். மிஞ்சினால் பெட்டி ஒழுங்காக வேலை செய்கிறது என்று பொருள்.

ஆனால் 20 எம்.பி.பி.எஸ். குறைவா? வீடியோ வகுப்புக்கு 3, 4 போதும். முழு எச்.டி. படத்துக்கு 5 அளவில் போதும். மாடியில் ஒரே ஒரு பிள்ளை படிக்கிறது, இரவில் ஒருவர் படம் பார்க்கிறார் என்றால், ஆயிரத்துச் சொச்சத்தில் கிடைக்கும் எக்ஸ்டெண்டர் அந்த வேலையைச் செய்துவிடும். கூடச் சில நூறு ரூபாய் போட முடிந்தால் இரட்டை அலைவரிசை மாடலாக வாங்குங்கள். அது ரவுட்டரோடு 5 கிகாஹெர்ட்ஸிலும் போனோடு 2.4 கிகாஹெர்ட்ஸிலும் பேச முடியும் என்பதால் பாதியாகும் சிக்கல் பெரிதும் தணியும்.

இனி அமைக்கும் விதம். புதிய எக்ஸ்டெண்டரை நேரே மாடிக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டாம். முதல் இணைப்பை ரவுட்டர் இருக்கும் அறையிலேயே முடியுங்கள். பிளக்கில் செருகி, விளக்கு நிலைத்ததும் கடவுச்சொல் தட்டாமலே இணைக்கும் டபிள்யூ.பி.எஸ். பொத்தானை ரவுட்டரில் அழுத்துங்கள், இரண்டு நிமிடத்துக்குள் எக்ஸ்டெண்டரின் பொத்தானையும் அழுத்த வேண்டும். ரவுட்டரின் பாதுகாப்பை டபிள்யூ.பி.ஏ.3 என்ற புதிய முறை மட்டும் என்று வைத்திருந்தால் இந்தப் பொத்தான் வழி நடக்காது. அப்போது நிறுவனத்தின் செயலி மூலம் வைஃபை பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்து இணைக்கலாம். வேலை முடிந்ததும் ரவுட்டரில் டபிள்யூ.பி.எஸ். பின் எண் வசதியை அணைத்துவிடுங்கள். அதன் பலவீனம் 2011-லேயே வெளிவந்துவிட்டது.

பிறகுதான் இடம் மாற்றம். பலரும் சிக்னலே வராத அறையில் கொண்டுபோய்ச் செருகுகிறார்கள். வாங்குவதற்கே எதுவும் இல்லாத இடத்தில் எக்ஸ்டெண்டர் எதைப் பரப்பும்? போனில் ஐந்து கோடும் காட்டும், பக்கம் மட்டும் திறக்காது. அந்தக் கோடுகள் உங்கள் போனுக்கும் எக்ஸ்டெண்டருக்கும் இடையிலான உறவை மட்டுமே சொல்கின்றன. மைனஸ் 60-க்கும் 65-க்கும் இடைப்பட்ட சிக்னல் வருகிற இடமே எக்ஸ்டெண்டரின் இடம். இரண்டு தள வீட்டில் அது அநேகமாகப் படிக்கட்டு திரும்பும் மேடையாக அமையும். அங்கேதான் தளத்தில் திறப்பு இருக்கிறது; கான்கிரீட்டைத் துளைக்காமல் அலை மேலேறும்.

இங்கே ஒரு நுணுக்கம். படிக்கட்டு விளக்கு இன்வெர்ட்டரில் ஓடினாலும் அதே போர்டில் உள்ள பிளக் பாயிண்ட் பல வீடுகளில் இன்வெர்ட்டர் இணைப்பில் இருக்காது. மின்சாரம் போனதும் கீழே ரவுட்டர் உயிரோடு இருக்கும், மாடியில் இணையம் செத்துவிடும். எலெக்ட்ரீஷியனிடம் சொல்லி அந்த ஒரு பாயிண்டை இன்வெர்ட்டருக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

மெஷ்: எதற்காகக் கூடுதல் பணம்?

எக்ஸ்டெண்டரின் உண்மையான தொல்லை வேகத்தைவிட நடமாட்டத்தில் தெரியும். கீழே பேசத் தொடங்கிய அழைப்போடு மாடி ஏறினால், போன் கீழ் ரவுட்டரின் மங்கிய சிக்னலையே பிடித்துக்கொண்டு விடாது. இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்தாலும் எப்போது மாறுவது என்பது போனின் விருப்பம். மெஷ்ஷில் பெட்டிகள் எல்லாம் ஒரே அமைப்பாக இயங்குகின்றன. நல்ல மாடல்கள் 802.11 கே, வி, ஆர் ஆகிய நெறிமுறைகளைக் கொண்டு 'அந்தப் பெட்டிக்கு மாறிக்கொள்' என்று போனுக்கு வழிகாட்டுகின்றன. அழைப்பு அறுபடாமல் மாடி ஏறலாம். வீடு முழுக்க நடந்தபடி வேலை செய்பவருக்கும், ஐந்தாறு பேர் ஒரே நேரத்தில் இணையத்தில் இருக்கும் குடும்பத்துக்கும் கொடுத்த பணம் வீண்போகாது.

ஆனால் மெஷ் என்றாலே வேகம் குறையாது என்று விற்கிறார்களே, அதை நம்ப வேண்டாம். இரண்டு அலைவரிசை மட்டும் உள்ள மெஷ், கேபிள் இல்லாமல் இயங்கும்போது, பெட்டிகளுக்கு இடையிலான போக்குவரத்தும் போன்களின் போக்குவரத்தும் ஒரே 5 கிகாஹெர்ட்ஸைப் பங்கிட்டுக்கொள்கின்றன. பாதியாகும் கணக்கு இங்கும் உண்டு. பெட்டிகளுக்கென்று தனி ரேடியோ ஒதுக்கும் மூன்று ரேடியோ மாடல்களில் இது தீரும், விலையும் அதற்கேற்ப ஏறும். மூவாயிரம் சதுர அடி, நாலாயிரம் சதுர அடி என்று அட்டையில் எழுதியிருப்பதையும் செங்கல் சுவரும் கான்கிரீட் தளமும் உள்ள நம் வீடுகளுக்கு அப்படியே பொருத்திப் பார்க்கக் கூடாது.

வாங்கும்போது கேபிள் துளையின் வேகத்தைக் கட்டாயம் பாருங்கள். டிபி-லிங்க் நிறுவனத்தின் டெகோ ஈ4, எம்4 இரண்டும் வைஃபையில் ஒரே வகுப்புதான். ஆனால் ஈ4-இன் துளைகள் 100 எம்.பி.பி.எஸ்., எம்4-இன் துளைகள் கிகாபிட், அதாவது 1000. 200 எம்.பி.பி.எஸ். திட்டம் வைத்திருப்பவர் முன்னதை வாங்கினால் பாதிப் பணம் மாதாமாதம் வாசலிலேயே நின்றுவிடும். மெஷ் மாட்டியபின் அதை ஆக்சஸ் பாயிண்ட் முறையில் (ரவுட்டர் வேலை செய்யாமல் வைஃபையை மட்டும் பரப்பும் முறை) வைத்து, ஃபைபர் பெட்டியின் சொந்த வைஃபையை அணைத்துவிடுங்கள். இரண்டும் ரவுட்டர் வேலையைச் செய்தால் சில ஆன்லைன் விளையாட்டுகளும் கேமராக்களும் முரண்டு பிடிக்கும்.

மின்கம்பி வழியாகவே இணையத்தைக் கொண்டுபோகும் பவர்லைன் அடாப்டர்களை நான் பரிந்துரைக்கவில்லை. மூன்று ஃபேஸ் இணைப்புள்ள வீட்டில் கீழ் அறை ஒரு ஃபேஸிலும் மாடி இன்னொன்றிலும் இருந்தால் அவை தடுமாறும். இன்வெர்ட்டர் குறுக்கே வந்தால் சொல்லவே வேண்டாம்.

கேபிளும் பழைய ரவுட்டரும்

பத்துப் பதினைந்து மீட்டர் கேட் 6 கேபிளும், அலமாரியில் தூங்கும் பழைய ரவுட்டரும் போதும். ஒரு கேபிள் 100 மீட்டர் வரை கிகாபிட் வேகத்தைத் தாங்கும். இருமுனையிலும் கிகாபிட் துளை இருந்தால் 900-க்கு மேல் எம்.பி.பி.எஸ். மாடிக்குப் போய்ச் சேரும். சுவர், தளம், பக்கத்து வீட்டு வைஃபை எதுவும் அதைத் தொடாது.

கேபிள் வாங்கும்போது முழுச் செம்பா என்று கேட்டு வாங்குங்கள். அலுமினியத்துக்குச் செம்புப் பூச்சு கொடுத்த மலிவுக் கேபிளும் அதே உறையில்தான் வருகிறது. கம்பி நுனியைக் கத்தியால் சுரண்டினால் உள்ளே வெள்ளை தெரிந்துவிடும். நுனியில் கனெக்டர் மாட்டும் வரிசை இருபுறமும் ஒன்றாக இருக்க வேண்டும். வழக்கமான வரிசை இது: வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளைப் பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளைப் பழுப்பு, பழுப்பு. எட்டில் நான்கு கம்பி மட்டும் சரியாகப் பிடித்தால் இணைப்பு 100-லேயே நின்றுவிடும். வேகம் 95-ஐத் தாண்ட மறுத்தால் முதலில் கனெக்டரைச் சந்தேகியுங்கள்.

வழி எது? படிக்கட்டுச் சுவரோரம், ஏ.சி. குழாய்க்குப் போட்ட துளை, ஜன்னல் சட்டத்தின் மூலை. மின்கம்பி ஓடும் அதே குழாயில் மட்டும் நுழைக்க வேண்டாம். வெளிச்சுவர் வழியாக ஏற்றினால் வெயில் தாங்கும் கறுப்பு உறைக் கேபிள் வேண்டும். ஐப்பசி, கார்த்திகை இடிமழையில் வெளியே ஓடும் செம்புக் கம்பி வழியாக மின்னழுத்தம் பாய்ந்து இருமுனைக் கருவிகளும் கருகும் அபாயம் உண்டு. கூடுமானவரை உட்புறமாகவே கொண்டுபோங்கள். வெளியேதான் வழி என்றால் ஃபைபர் கம்பியும் இரு முனையில், ஒளியைக் கேபிள் சிக்னலாக மாற்றித்தரும் மீடியா கன்வெர்ட்டரும் போடலாம். கண்ணாடி இழை மின்சாரத்தைக் கடத்தாது.

பழைய ரவுட்டரை ஆக்சஸ் பாயிண்டாக மாற்றுவது எளிது. அதில் அந்தப் பெயரிலேயே ஒரு முறை இருந்தால் தேர்ந்தெடுத்தால் முடிந்தது. இல்லாவிட்டால் முதலில் அதைக் கணினியோடு இணைத்து, அதன் ஐ.பி. முகவரியை மாற்றுங்கள், கீழ் ரவுட்டருக்கு 192.168.1.1 என்றால் இதற்கு 192.168.1.2 கொடுக்கலாம். பிறகு கருவிகளுக்கு முகவரி வழங்கும் டி.எச்.சி.பி.யை அணையுங்கள். வைஃபை பெயரும் கடவுச்சொல்லும் கீழ் ரவுட்டரில் உள்ளவையே இருக்கட்டும். சேனல் (அலைவரிசைக்குள் வைஃபை ஓடும் தடம்) மட்டும் வேறாகட்டும். 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றையொன்று இடிக்காதவை 1, 6, 11 மூன்றே. கடைசியாகக் கேபிளின் இரு முனையையும் லேன் (LAN, வீட்டுக் கருவிகளுக்கான) துளைகளில் செருகுங்கள். மாடி ரவுட்டரின் வான் (WAN, வெளியிலிருந்து இணையம் வரும்) துளை காலியாகவே இருக்க வேண்டும். டி.எச்.சி.பி.யை அணைக்க மறந்தால் வீட்டில் இரண்டு பெட்டிகள் முகவரி வழங்கத் தொடங்கி, சில போன்களுக்கு இணையம் வரும், சிலவற்றுக்கு வராது.

யாருக்கு எது

வாடகை வீடு, ஆணி அடிக்கவே அனுமதி இல்லை, மாடியில் ஓரிருவர்: இரட்டை அலைவரிசை எக்ஸ்டெண்டர். வீடு மாறும்போது பையில் போட்டுக்கொண்டு போய்விடலாம். வாடகை வீடுதான், ஆனால் மூன்று நான்கு பேர் வீட்டிலிருந்து வேலை செய்கிறார்கள் என்றால் மெஷ். சொந்த வீட்டுக்காரர் கேபிளை விட்டுவிட்டு வேறெதற்கும் போக வேண்டாம். நடமாட்டத்திலும் அறுபடாமல் வேண்டுமென்றால் மெஷ் பெட்டிகளையே அந்தக் கேபிளில் கோத்துக்கொள்ளட்டும். வீடு கட்டிக்கொண்டிருப்பவர் பூச்சுவேலைக்கு முன்பே அறைக்கு ஒரு தனிக் குழாய் பதித்துவிட வேண்டும். அப்போது ஆகும் செலவு அற்பம், பிறகு சுவரை உடைத்துச் செய்வது பெரும்பாடு.

எதை வாங்கினாலும், திருப்பிக் கொடுக்கும் அவகாசம் முடிவதற்குள், முன்பு குறித்த அதே அறைகளில், அக்கம்பக்கத்து வைஃபை எல்லாம் விழித்திருக்கும் இரவு எட்டு, ஒன்பது மணிக்கு வேகத்தை அளந்து பாருங்கள். காலை ஆறு மணிக்கு எந்தப் பெட்டியும் நன்றாகத்தான் ஓடும்.