வரலாற்றுத் துப்பறியும் நாவல்: விழா வைப்பதா, விருந்தாளியாகப் போய் எழுதுவதா?

துப்பறியும் நாவலுக்கு விளம்பரம் தேடுவதில் ஒரு தர்மசங்கடம் உண்டு. கதையைச் சொன்னால் சுவாரசியம் போச்சு. சொல்லாவிட்டால் யார் வாங்குவார்கள்? என் நாவல் வரப்போகும் நேரத்தில் இருக்கிற வழிகளையெல்லாம் கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

வெளியீட்டு விழா என்றால் மண்டபம், மைக், பொன்னாடை, காபி எல்லாம் நம் செலவு. வருகிறவர்களில் பாதிப் பேர் விழா இல்லாவிட்டாலும் புத்தகம் வாங்கக்கூடிய சொந்தபந்தம். நண்பர் ஒருவரின் விழாவில் வாழ்த்துரைக்கு வந்தவர், கணக்குப்பிள்ளைதான் கொலைகாரன் என்று தெரிந்ததும் ஆடிப்போய்விட்டதாக மைக்கிலேயே உருகினார். மேடையில் இருந்த நண்பரின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

ஜனவரியில் புத்தக விற்பனையாளர், பதிப்பாளர் சங்கமான பபாசி நடத்தும் சென்னைப் புத்தகக் காட்சியில் கூட்டத்துக்குக் குறைவில்லை. ஆனால் அரங்கு வாசலில் நிற்கும் புது எழுத்தாளருக்கு ஒரு வாசகரிடம் அரை நிமிடம் கிடைத்தால் அதிகம். பெயர் தெரிந்தவர்களுக்குத்தான் அது திருவிழா. மதிப்புரைக்கு முன்பிரதி அனுப்பலாம், அனுப்பவும் வேண்டும். எழுதுகிறவர் முடிச்சை அவிழ்க்காமல் எழுதுவாரா என்பது அவரவர் அதிர்ஷ்டம்.

அடுத்தவர் இணையதளத்தில் விருந்தினராக எழுதுவது இதிலிருந்து வேறு. அங்கே கதையைத் தொடாமல், கதை நடக்கும் காலத்தைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் பேசலாம். என் நாவல் 1746இல் நடக்கிறது. அந்தச் செப்டம்பரில் லா பூர்தொனே தலைமையில் வந்த பிரெஞ்சுப் படை சென்னையைப் பிடித்தது. 11 லட்சம் வராகன் (அந்தக் காலத்துத் தங்க நாணயம்) வாங்கிக்கொண்டு கோட்டையை ஆங்கிலேயரிடமே திருப்பித் தர அவர் பேரம் பேசினார். புதுச்சேரி ஆளுநர் துய்ப்ளே ஒப்பவில்லை. பிரான்சுக்குத் திரும்பிய லா பூர்தொனேயைப் பணமோசடி உள்ளிட்ட புகார்களில் பஸ்தீய் சிறையில் அடைத்தார்கள். 1751இல் குற்றமற்றவர் என்று விடுவித்தார்கள்.

இதில் எத்தனை கட்டுரைகள் இருக்கின்றன பாருங்கள்! நாணயம் சேர்ப்பவர்கள் படிக்கும் தளத்துக்கு வராகனைப் பற்றி, சட்டம் படிப்பவர்களுக்கு அந்த வழக்கைப் பற்றி எழுதலாம். புதுச்சேரிக்காரர்களுக்கு துய்ப்ளேயிடம் வேலை பார்த்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை எழுதிய நாட்குறிப்பு இருக்கவே இருக்கிறது. கப்பல், விலைவாசி, வதந்தி என்று எல்லாம் அதில் உண்டு. நாவலுக்காகப் படித்துவிட்டு இடமில்லாமல் ஒதுக்கிய குறிப்புகளே இதற்குப் போதும். விழா ஒரு மாலையோடு முடிந்துவிடும். கட்டுரையோ, அடுத்த ஆண்டு யாராவது வராகன் என்று தேடினாலும் கண்ணில் படும்.

குறை இல்லாமல் இல்லை. ஒரு கட்டுரைக்கு எனக்குப் பத்து நாள் பிடிக்கிறது, சன்மானம் பெரும்பாலும் கிடையாது. ஒரே கட்டுரையை ஐந்து தளங்களுக்கு அனுப்பினால் மதிப்பு போய்விடும். புத்தகம் வருவதற்கு இரண்டு மாதம் முன்பே கேட்டு வைக்காவிட்டால், பரபரப்பு அடங்கிய பிறகுதான் போடுவார்கள். "எழுதத் தூண்டியது எது?" வகைப் பேட்டிகளை நான் தவிர்க்கிறேன். அதற்குப் பதில் எல்லோருக்கும் ஒன்றேதான். நாவலைப் பற்றிக் கட்டுரையின் அடியில் இரண்டு வரியும் அட்டைப்படமும் போதும், நடுவில் திணித்தால் படிப்பவர் எழுந்து போய்விடுவார்.

ஆக, என் நேரமெல்லாம் கட்டுரைகளுக்குத்தான். ஆனால் அம்மாவுக்காகச் சின்னதாக ஒரு விழா வைத்தே ஆக வேண்டும். பேச வருகிறவருக்குக் கடைசி இரண்டு அத்தியாயம் இல்லாத பிரதியாகக் கொடுக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.