லேடெக்ஸ் உடை: ஒட்டும் பராமரிப்பும்தான் ஆயுள்

ரப்பர் பாலில் செய்யும் லேடெக்ஸ் உடையைப் பல வருடம் உடுத்திப் பழகியவர்களுக்குத் தெரியும், அதன் ரப்பர் ஷீட் தானாகக் கெடுவது குறைவு. முதலில் விட்டுப்போவது துண்டுகளைச் சேர்த்த ஒட்டு. அடுத்து உடையைக் கெடுப்பவை எண்ணெய், செம்பு, வெயில். விலையையும் பளபளப்பையும் பார்த்து வாங்குவதைவிட, அது எப்படிச் செய்யப்பட்டது என்று பார்த்து வாங்குவதே புத்திசாலித்தனம்.

ரப்பர் மரத்திலிருந்து வடியும் பாலில் ரப்பர் 30 முதல் 40 சதவீதம் இருக்கும். குமரி மாவட்டத் தோட்டங்களில் ஆசிட் விட்டு உறையவைத்து ஷீட் அடிக்கும் ரப்பர் இதற்கு உதவாது. பால் உறையாமல் இருக்க அம்மோனியா சேர்த்து, சென்ட்ரிஃப்யூஜ் என்ற வேகமாகச் சுழலும் இயந்திரத்தில் சுழற்றி, ரப்பரை 60 சதவீதத்துக்குக் கொண்டுவருவார்கள். அதில் கந்தகம், துத்தநாக ஆக்சைடு, வினையைத் துரிதப்படுத்தும் ரசாயனம், நிறமி எல்லாம் கலந்து, மெல்லிய படலமாக உலர்த்திச் சூடாக்கினால் உடைக்கான ஷீட் தயார். அச்சைப் பாலில் முக்கி எடுத்து, ஒட்டே இல்லாமல் செய்யும் உடைகளும் உண்டு. கையுறை, காலுறைக்கு அது நல்ல வழி. உடம்பு அளவுக்குக் கச்சிதமாக வேண்டுமென்றால் ஷீட்டை வெட்டி ஒட்டியதுதான் சரி.

தடிமனில் பொதுவான தேர்வு 0.4 மில்லிமீட்டர். 0.25 உடம்போடு அழகாகப் படியும், ஆனால் ஒரு நகக்கீறல் போதும், கிழிந்துவிடும். 0.6-க்கு மேல் போனால் ஜாக்கெட், இடுப்புக் கச்சைக்கு ஆகும். நாள் முழுக்க உடுத்தினால் கனம் தெரியும்.

லேடெக்ஸில் ஊசி போடக்கூடாது. ஒவ்வொரு துளையும் கிழிசலின் தொடக்கம். அதனால் ஓரங்களை 8 முதல் 10 மில்லிமீட்டர் ஒன்றன்மேல் ஒன்று ஏற்றி ஒட்டுகிறார்கள். முறை பஞ்சர் கடையில் சொலூஷன் போட்டு டியூப் ஒட்டுவது போலத்தான். ஷீட்டில் தூவியிருக்கும் பவுடரைக் கரைப்பானால் துடைத்தெடுத்து, இரண்டு ஓரத்திலும் பசையை மெல்லிசாகத் தடவ வேண்டும். தடவிய உடனே ஓரம் சுருண்டுகொள்ளும். அப்போது இழுத்து நீட்டக்கூடாது. கரைப்பான் ஆவியாக ஆவியாகத் தானே படியும். தொட்டால் கையில் ஒட்டாத பக்குவம் வர ஐந்து பத்து நிமிடம் ஆகும். அவசரப்பட்டு ஈரத்தோடு சேர்த்தால் ஒட்டுக்குள் குமிழி நிற்கும். மழைக்காலத்தில் இன்னொரு தொல்லை: கரைப்பான் ஆவியாகும்போது பசையின் மேல்பரப்பு குளிர்ந்து, காற்றிலிருக்கும் ஈரம் அதில் படிந்து வெளுக்கும். அப்படி ஒட்டியது பார்க்க நன்றாக இருந்தாலும் பிடிப்பு இருக்காது. சேர்த்தபின் ரோலரால் அழுத்தி, ஒரு நாள் முழுக்க இழுக்காமல் வைக்க வேண்டும்.

வளைவான இடத்தில் ஒரு பக்கத்தை இழுத்து ஒட்டியிருந்தால் அங்கே சுருக்கம் விழும். அது கடைசிவரை போகாது. வாங்கும்போது அக்குள், கவட்டை, ஜிப் முடியும் இடம் மூன்றையும் உள்பக்கம் திருப்பிப் பாருங்கள். அங்கே வட்டமான வலுத்துண்டு ஒட்டியிருக்க வேண்டும். வெட்டிய ஓரமும் ஒரே கோடாக ஓட வேண்டும். கத்திரிக்கோல் நின்று நின்று போன இடத்தில் சின்னப் பிசிறு இருக்கும், கிழிசல் அங்கிருந்துதான் கிளம்பும். உருளும் பிளேடால் நிறுத்தாமல் வெட்டியதே நல்ல வேலை.

அணியும்போது டால்கம் பவுடர் அல்லது சுத்தமான சிலிகான் எண்ணெய் போடலாம். மேற்பரப்பை வழவழப்பாக்கக் குளோரின் பதம் போட்ட உடைக்கு இரண்டும் தேவையில்லை, வழுக்கிக்கொண்டு ஏறும். கூடுதல் விலைக்குத் தகுந்த வசதி அது. ஆனால் அந்தப் பரப்பில் பிறகு பசை சரியாகப் பிடிக்காது என்பதால் உடையை முழுக்க ஒட்டி முடித்தபிறகே அதைச் செய்வார்கள். வீட்டில் முயலவே வேண்டாம், குளோரின் வாயு நுரையீரலைக் கெடுக்கும்.

தலைக்குத் தேங்காய் எண்ணெய் தேய்த்துவிட்டு இதை அணியாதீர்கள். வாசலின், லோஷன், எண்ணெய் எதுவானாலும் ரப்பருக்குள் இறங்கி அதை ஊதவைத்துத் தளர்த்திவிடும். செம்பு, பித்தளை பட்டால் வெளிர்நிற உடையில் பழுப்புக் கறை விழும். அந்தக் கறையை எடுக்க முடியாது. வளையல், மோதிரத்தைக் கழற்றிவிட்டு, கையையும் கழுவிக்கொண்டு உடுத்துங்கள். லேடெக்ஸ் ஒவ்வாமை உள்ளவர்கள் இந்தப் பக்கமே வரவேண்டாம், மூச்சுத்திணறல்வரை போகும்.

நம் ஊர் வெயிலில் இதை அதிகநேரம் உடுத்துவது கஷ்டம். வியர்வை வெளியேற வழியே இல்லை. கழற்றிய உடனே வெதுவெதுப்பான தண்ணீரில், மென்மையான சோப்பு சில துளி விட்டு அலசி, நிழலில் இரண்டு பக்கமும் காயவையுங்கள். உள்ளே ஈரம் தங்கினால் வெண்மையான திட்டு தெரியும், காய்ந்ததும் மறைந்துவிடும். பவுடர் தடவி, மடிப்பு விழாமல், இருட்டான அலமாரியில் வையுங்கள். கறுப்பையும் வெள்ளையையும் சேர்த்து வைத்தால் சாயம் இறங்கும், நடுவில் தாள் போடுங்கள். கம்பி ஹேங்கர் கூடாது.

சின்னக் கிழிசலை உள்பக்கத் துண்டு வைத்து ஒட்டலாம். துண்டின் மூலைகளை வட்டமாக வெட்டுங்கள், கூர்மூலை முதலில் பெயரும். சிலிகான் போட்ட உடையென்றால் கரைப்பானால் பலமுறை துடைக்காமல் பசை பிடிக்காது. தொட்டாலே பிசுபிசுக்கும் அளவுக்கு ரப்பர் போய்விட்டால் எந்தத் துண்டும் நிற்காது.