குடி விஷயத்தில் ஆர்.சி.யா, சி.எஸ்.ஐ.யா, பெந்தெகொஸ்தேயா?

பெங்களூர்த் தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பங்களில் ஒரே வீட்டுக்குள் மூன்று சபை இருப்பது சாதாரணம். அப்பா ஆர்.சி., அதாவது ரோமன் கத்தோலிக்கர், சிவாஜிநகர் மாதா கோயிலை விடமாட்டார், அம்மா வழி சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை), தங்கை கல்யாணமாகி லிங்கராஜபுரத்தில் ஒரு பெந்தெகொஸ்தே சபைக்குப் போகிறாள். மற்றதையெல்லாம் எப்படியோ சமாளித்துவிடுவார்கள். கிறிஸ்துமஸுக்குப் பாட்டி பெங்களூர் ப்ளூ திராட்சையில் போட்ட ஒயின் மேஜைக்கு வரும்போதுதான் யார் எந்தப் பக்கம் என்பது தெரியும். சரி, மூன்றையும் வைத்துப் பார்த்துவிடலாம். பைபிள் வசனத்தோடு இன்னொன்றையும் பார்க்கிறேன்: சனிக்கிழமை ராத்திரி ஒருவர் தள்ளாடிக்கொண்டு வீடு வந்தால் அந்தச் சபை என்ன செய்கிறது?

ஆர்.சி. நிலைப்பாடு சுருக்கமானது. அளவோடு குடித்தால் பாவமில்லை, குடிவெறி பாவம். பூசைக்கான ஒயின் திராட்சையில் இயற்கையாகச் செய்ததாக, கெடாததாக இருக்க வேண்டும் என்று திருச்சபைச் சட்டத்தின் 924-ஆம் பிரிவே சொல்கிறது. 6-ஆம் நூற்றாண்டில் புனித பெனடிக்ட் தன் துறவிகளுக்கு ஒரு நாளைக்கு இவ்வளவு ஒயின் என்று அளவே வைத்தார், குடிக்காமல் இருக்க முடிந்தவனுக்குத் தனி வெகுமதி உண்டு என்றும் சேர்த்து எழுதினார். வசன பலமும் இவர்கள் பக்கம்தான். கானாவூர்க் கல்யாணத்தில் இயேசு ஒயினாக மாற்றிய தண்ணீர் ஆறு கற்சாடிகள், இன்றைய கணக்கில் ஏறத்தாழ 500 லிட்டர், அதற்கு மேலும் இருக்கலாம். வயிற்றுக்காகக் கொஞ்சம் சேர்த்துக்கொள் என்று பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதியதும் இருக்கிறது.

ஒரு சொட்டுகூடக் கூடாது என்னும் பெந்தெகொஸ்தேக்காரர்கள் இதற்குச் சொல்லும் வழக்கமான பதில், அதெல்லாம் வெறும் ஜூஸ் என்பது. எனக்கு இது செல்லுபடியாகவில்லை. பிழிந்த திராட்சைச் சாறு தானாகவே புளிக்கத் தொடங்கிவிடும். அதைச் சூடாக்கிப் புளிக்காமல் பாட்டிலில் அடைத்துத் திருவிருந்துக்குக் கொடுத்தவர் வெல்ச் என்ற அமெரிக்க மெதடிஸ்ட் பல் டாக்டர், அதுவும் 1869-இல்தான். கொரிந்து சபையில் கர்த்தருடைய பந்திக்கு வந்த இடத்திலேயே சிலர் வெறித்திருந்தார்கள் என்று பவுல் திட்டுகிறார், ஜூஸ் குடித்து யாரும் வெறிப்பதில்லையே. அப்புறம், பெந்தெகொஸ்தே நாளன்றே சீடர்களைப் பார்த்து ‘குடித்திருக்கிறார்கள்’ என்று ஊர் கேலி செய்ததும், காலை ஒன்பது மணிதானே ஆகிறது என்று பேதுரு பதில் சொன்னதும் அப்போஸ்தலர் நடபடிகளில் இருக்கிறது!

ஆனால் அவர்களிடம் இதைவிட நல்ல வாதம் ஒன்று இருக்கிறது, அதை ஏனோ குறைவாகத்தான் எடுக்கிறார்கள். ரோமர் 14: உன் சகோதரன் இடறுவான் என்றால் நீ குடிக்காமல் இருப்பது நல்லது. நம் ஜனங்களுக்கு இது நேராகப் பொருந்தும். சாப்பாட்டோடு ஒரு கிளாஸ் வைத்துக்கொண்டு பேசிக்கொண்டிருக்கும் குடி நம்மிடம் எங்கே இருக்கிறது? வெறும் வயிற்றில், நின்றபடி, ஒரே மூச்சில் குவார்ட்டர். கர்நாடகத்தில் 2007 ஜூலையில் சாராயத்தைத் தடை செய்தார்கள், குடித்தவர்கள் 90 மில்லி விஸ்கி பாக்கெட்டுக்கு மாறினார்கள். அந்தப் பாக்கெட்டை வைத்துக்கொண்டு பெனடிக்டின் அளவைப் பற்றிப் பேசுவதில் அர்த்தமே இல்லை.

சி.எஸ்.ஐ. பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 1947-இல் ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட் சபைகளெல்லாம் சேர்ந்து உருவான சபை, அதனால் இரண்டு மனசு. ஆங்கிலிக்கன் பக்கம் ஒயின் பாத்திரம், மெதடிஸ்ட் பக்கம் 1743-இலேயே கடுஞ்சாராயத்தை வாங்கவோ விற்கவோ குடிக்கவோ கூடாது என்று ஜான் வெஸ்லி போட்ட விதி. நடைமுறையில் ஐயர் (சபைப் போதகர்) பிரசங்கத்தில் குடிக்காதே என்பார், கமிட்டிக்காரர் வீட்டில் பிராந்தி இருப்பது எல்லோருக்கும் தெரியும், யாரும் கேட்கமாட்டார்கள்.

இப்போது அந்தச் சனிக்கிழமை ராத்திரி. ஆர்.சி. கோயிலில் ஞாயிறு பூசைக்கு அவர் வருவார், பின்வரிசையில் நிற்பார், ஒருவரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள், குடி முற்றி நிம்ஹான்ஸ் மனநல ஆஸ்பத்திரி வரைக்கும் போன பிறகுதான் அன்பியத்தில் (அக்கம்பக்கக் கத்தோலிக்கக் குடும்பங்களின் ஜெபக்குழுவில்) ஜெபம் வைப்பார்கள். பெந்தெகொஸ்தேயில் திங்கட்கிழமையே நாலு பேர் வீட்டுக்கு வந்துவிடுவார்கள். உபவாச ஜெபம், இரவு ஜெபம், சாட்சி என்று அவருடைய சாயங்காலங்களை நிரப்பிவிடுவார்கள், பாருக்குப் போக நேரமே கிடைக்காது. இப்படிக் குடியை நிறுத்தியவர்கள் நம் எல்லோர் சொந்தத்திலும் உண்டு. ஆனால் ஆறு மாதம் கழித்து ஒரு நாள் விழுந்தால்? ‘பின்மாற்றக்காரன்’, அதாவது விசுவாசத்திலிருந்து வழுவியவன், என்ற பெயர் ஒட்டிக்கொள்ளும், அந்தப் பயத்தில் ஒளித்துக் குடிக்க ஆரம்பிப்பார், ஒளித்துக் குடிப்பவரை யாராலும் பிடிக்க முடியாது.

விழுந்து எழுந்தவருக்கு ஆர்.சி. கொஞ்சம் வசதி. இங்கே பூசையில் நற்கருணையாகப் பெரும்பாலும் அப்பம் மட்டும்தான் கொடுப்பார்கள், ஒயின் உதட்டில் படாது. குடிநோய் உள்ள குருவானவரே, புளிப்பை நிறுத்திவைத்த திராட்சைச் சாற்றை அனுமதி வாங்கிப் பூசையில் பயன்படுத்தலாம் என்று வத்திக்கான் 2003-இல் எழுதியிருக்கிறது.

ஆகவே என் கணக்கு இது. வசனத்தை மட்டும் கேட்டால் ஆர்.சி. சரி. வீட்டில் ஏற்கெனவே ஒருவர் குடிக்கு அடிமை என்றால் பெந்தெகொஸ்தே வழி, பாட்டி ஒயின் உட்பட எல்லாம் நிறுத்தம், பாட்டி கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை. கலப்புச் சபைக் கல்யாணத்தில் டோஸ்ட்டுக்குத் திராட்சை ஜூஸ் வைத்துவிடுங்கள், அதற்காக ஒரு வாரம் சண்டை போடாதீர்கள். அங்கே மேடையில் கிளாஸைத் தூக்கும்போது ஹாலுக்குப் பின்னால் பார்க்கிங்கில் டிக்கியைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு கூட்டம் நிற்கும், அதில் மூன்று சபைக்காரர்களும் இருப்பார்கள். பெரியவர்கள் யாராவது முதலில் அங்கே போய்ப் பாருங்கள்.