ஜே.சி. ரோட்டில் வாங்கிய புல்லரும் ஒரு ஜோடி டை ராட் எண்டும்

எங்கள் ஆல்ட்டோ 800 2014-இல் வாங்கியது. 81,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. சென்ற மழைக்காலம் முடிந்த பிறகு, பெங்களூரின் அல்சூர் தெருக்களில் வேகத்தடை ஏறி இறங்கும்போதெல்லாம் இடது முன்பக்கத்தில் விரல் முட்டியால் கதவைத் தட்டுவதுபோல ஓர் ஒலி கேட்கத் தொடங்கியது. வழக்கமாகச் செல்லும் பணிமனையில் வண்டியைப் பத்து நிமிடம் ஓட்டிப் பார்த்துவிட்டு, ஸ்டியரிங்கின் சுழற்சியைச் சக்கரங்களுக்குக் கடத்தும் ஸ்டியரிங் ரேக்கையே முழுதாக மாற்ற வேண்டும் என்று 14,000 ரூபாய்க்கு மதிப்பீடு எழுதிக் கொடுத்தார்கள். வண்டியைத் தூக்கிப் பார்க்காமலே எழுதிய மதிப்பீடு என்பதால் எனக்கு அதில் நம்பிக்கை ஏற்படவில்லை.

அன்று மாலை வீட்டு முற்றத்திலேயே முன்சக்கரத்தை ஜாக்கியில் உயர்த்தி, டயரின் இரு பக்கங்களையும், அதாவது கடிகாரத்தில் மூன்றும் ஒன்பதும் இருக்கும் இடங்களை, பிடித்து ஆட்டினேன். நன்றாகத் தெரியும் அளவுக்கு ஆட்டம் இருந்தது. மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டியபோது எதுவும் அசையவில்லை. சக்கரத்தின் பேரிங்கோ, அதைக் கீழே பிடித்திருக்கும் பால் ஜாயின்டோ தேய்ந்திருந்தால் ஆட்டம் மேல்-கீழாகவும் தெரிந்திருக்கும். பக்கவாட்டில் மட்டும் தெரிவது ஸ்டியரிங் இணைப்புகளின் தேய்மானத்தையே காட்டும். மகனைச் சக்கரத்தை ஆட்டச் சொல்லிவிட்டு நான் டை ராட் எண்டின் (ரேக்கிலிருந்து சக்கரத்துக்கு வரும் டை ராட் என்ற கம்பியின் நுனியில் உள்ள மூட்டு) மேல் கைவைத்துப் பார்த்தபோது, உள்ளிருக்கும் குண்டு தன் கிண்ணத்தில் தடுமாறுவது விரலுக்கே தெரிந்தது. அதன் ரப்பர் பூட்டு (boot எனப்படும் உறை) கிழிந்து, கிரீஸ் இருக்க வேண்டிய இடத்தில் செம்மண் குழம்பு இருந்தது. ஆக, மாற்ற வேண்டியது ரேக் அன்று. அதன் நுனியில் இருக்கும் கையடக்கமான ஒரு பாகம்.

பாகம் வாங்க ஜே.சி. ரோட்டுக்குத்தான் சென்றேன். டவுன் ஹாலிலிருந்து மினர்வா சர்க்கிள் வரையிலான அந்தச் சாலையில் வண்டி நிறுத்த இடம் தேடுவதே ஒரு வேலை என்பதால், மெட்ரோவில் கே.ஆர். மார்க்கெட் வரை போய், அங்கிருந்து நடந்துவிட்டேன். நான் நுழைந்த கடை ஒரு ஷட்டர் அகலம்தான் இருக்கும்; கல்லாவில் இருந்த பெரியவர் ஆம்பூர்ப் பக்கத்துத் தமிழில் பேசினார். வண்டியின் பெயரைச் சொன்னதும் பெட்டியை எடுத்து வைக்காமல், எந்த ஆண்டு, எந்த எஞ்சின், பவர் ஸ்டியரிங் உண்டா என்று வரிசையாகக் கேட்டார். இடது பக்கத்துக்கு மட்டும் கேட்டபோது, "ஜோடியா மாத்திடுங்க தம்பி, ரெண்டும் ஒரே ரோட்டுலதானே ஓடிச்சு" என்றார். வியாபாரப் பேச்சு என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் வீட்டில் கழற்றிப் பார்த்தபோது வலது பக்கப் பூட்டிலும் வெடிப்பு ஓடியிருந்தது. ஜோடி 860 ரூபாய். பெட்டியின் முத்திரையையும், அச்சிட்ட விலையையும், உள்ளே பள்ளங்கள் வெட்டிய காஸில் நட்டும், அது சுழன்று தளராமல் தடுக்கும் புதிய ஸ்ப்ளிட் பின்னும் இருப்பதையும் அவரே பிரித்துக் காட்டினார். போலிப் பாகங்கள் புழங்கும் சந்தையில், வாங்குபவர் கேட்பதற்கு முன்பே இதைச் செய்யும் கடைக்காரரைக் குறிப்பிட்டுச் சொல்லத்தான் வேண்டும். ஒரு குறை: ரசீது வேண்டுமென்று இரண்டு முறை கேட்ட பிறகே கிடைத்தது.

இந்த வேலையின் வெற்றி பாகத்தை விடக் கருவியைத்தான் சார்ந்திருக்கிறது என்பதால், அதே கடையில் வாங்கிய, பழைய பாகத்தை விடுவிக்கும் கருவியான புல்லரைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்கிறேன். டை ராட் எண்டின் தண்டு கூம்பு வடிவமானது. அது நக்கிளின் (சக்கரத்தைத் தாங்கித் திருப்பும் உலோகப் பாகம்) கையிலுள்ள அதே வடிவத் துளைக்குள் நட்டின் இழுப்பால் ஆப்புபோல இறுகி அமர்கிறது. நட்டைக் கழற்றிவிட்டாலும் ஆப்பு தானாக விடாது. சாலையோர மெக்கானிக்குகள் நக்கிளின் கையைப் பக்கவாட்டில் சுத்தியலால் ஓங்கி அடித்து அதை விடுவிக்கிறார்கள். பழகிய கைக்கு இரண்டே அடிகளில் காரியம் முடிந்துவிடும். என்னைப் போன்றவர்கள் அடித்தால் பத்தில் மூன்று அடி தண்டின் மரையிலும், ஓர் அடி கட்டைவிரலிலும் விழும். கவை போன்ற ஆப்பைச் செருகி அடிக்கும் முறையும் உண்டு; அது பூட்டைக் கிழித்துவிடும் என்பதால், பழைய பாகத்தையே திரும்பப் போட நினைப்பவர்களுக்கு உதவாது.

நான் வாங்கியது திருகு அழுத்தத்தில் இயங்கும் புல்லர். நிறுவனப் பெயர் எதுவும் பொறிக்கப்படாத அந்த வார்ப்பிரும்புக் கருவியின் விலை 650 ரூபாய். கவை வாயை நக்கிளின் கைக்கும் பூட்டுக்கும் இடையில் செருகி, மறுமுனையிலுள்ள போல்ட்டைத் திருக வேண்டும். அந்தப் போல்ட் தண்டின் நுனியை அழுத்த அழுத்த, ஒரு கட்டத்தில் வெடி வெடித்ததுபோலச் சத்தம் எழுந்து கூம்பு விடுபடுகிறது. அதற்காகவே நட்டை முழுதாகக் கழற்றாமல் நான்கைந்து மரை விட்டு வைக்க வேண்டும். இல்லையென்றால் அழுத்தம் விடுபடும் வேகத்தில் கருவி முகத்தை நோக்கித் தெறிக்கக்கூடும்.

கருவியின் குறைகள் முதல் ஐந்து நிமிடத்திலேயே தெரிந்துவிட்டன. கவை வாயின் தடிமன் அதிகம். ஆல்ட்டோவின் சிறிய இடைவெளியில் அது நுழையவில்லை. அரத்தால் அரை மணி நேரம் ராவிய பிறகே உள்ளே போயிற்று. போல்ட்டின் மரையில் எண்ணெய்ப் பசை சிறிதும் இல்லை. கிரீஸ் தடவாமல் திருகியிருந்தால் மரை அழிந்திருக்கும் என்பதில் எனக்கு ஐயமில்லை. இவற்றைச் சரிசெய்த பிறகு, இடது பக்கம் நான்கே திருகலில் விடுபட்டது. வலது பக்கம் பிடிவாதம் பிடித்தது. புல்லரை முழு அழுத்தத்தில் நிறுத்திவிட்டு நக்கிளின் கையில் ஒரே ஒரு தட்டுத் தட்டியதும் அதுவும் விட்டது. சுத்தியலை முற்றிலும் தவிர்க்கலாம் என்று நினைத்து இதை வாங்குகிறவர்கள் இதைக் கணக்கில் கொள்ளட்டும்.

புதிய பாகத்தைப் பொருத்துவதில் ஓர் எச்சரிக்கை உண்டு. பழையதைக் கழற்றும்போது எத்தனை சுற்று என்று எண்ணி, புதியதை அதே எண்ணிக்கையில் ஏற்றினால் போதும் என்று பலரும் சொல்வார்கள். நானும் எண்ணினேன்: பதினேழு சுற்று. ஆனால் தண்டின் நடுப்புள்ளியிலிருந்து டை ராடில் நான் முன்பே பெயின்ட்டால் இட்ட கோடு வரை அளந்திருந்ததால், புதியதில் பதினாறு சுற்றிலேயே அதே நீளம் வந்துவிடுவதைக் கண்டேன். மரையின் ஆழம் பாகத்துக்குப் பாகம் மாறும்போது எண்ணிக்கை நம்மைக் கைவிட்டுவிடும். ஒரு சுற்றுப் பிழை என்பது டை ராடில் ஒரு மில்லிமீட்டருக்கு மேல். டயரின் விளிம்பில் அது இரு மடங்குக்கு மேல் பெருகும். காஸில் நட்டின் பள்ளமும் தண்டின் துளையும் நேராக அமையாவிட்டால், நட்டைச் சற்று மேலும் இறுக்கித்தான் நேராக்க வேண்டும். தளர்த்தி நேராக்கக் கூடாது. நட்டோடு தண்டும் சேர்ந்து சுழன்றால், கீழிருந்து சிறிய ஜாக்கியால் பாகத்தை அழுத்திப் பிடித்தால் கூம்பு பற்றிக்கொள்ளும். இவ்வளவையும் செய்யும்போது வண்டி ஜாக்கியில் மட்டும் நிற்கக் கூடாது என்பதையும், வண்டியைத் தாங்கி நிறுத்தும் ஸ்டாண்டு இல்லாதவர்கள் இந்த வேலையைத் தொடவே வேண்டாம் என்பதையும் சொல்லியாக வேண்டும். என்னிடம் இருந்த இரண்டு ஸ்டாண்டுகள் மூன்று ஆண்டுகளுக்கு முன் வாங்கியவை. கீழேயுள்ள கணக்கில் அவை சேரவில்லை.

காலை ஏழரைக்குத் தொடங்கிய வேலை, அரம் பிடித்த நேரமும் காப்பி குடித்த நேரமும் உட்பட, பதினொன்றே காலுக்கு முடிந்தது. எவ்வளவு கவனமாக அளந்தாலும் வீல் அலைன்மென்ட் தவிர்க்க முடியாதது. இந்திரா நகரில் 500 ரூபாய் கொடுத்து அன்றே பார்த்தேன். டோ அளவு (முன்சக்கரங்கள் உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பியிருக்கும் அளவு) சிறிதளவே விலகியிருந்ததாக அங்கிருந்த பையன் சொன்னபோது மனத்துக்குள் மகிழ்ந்தேன் என்பதை மறைக்கவில்லை. மொத்தச் செலவு 2,010 ரூபாய். இதே இரண்டு பாகங்களை மாற்றித் தர ஜே.சி. ரோட்டுப் பக்கத்து மெக்கானிக் ஒருவர் 500 ரூபாய் கூலி கேட்டிருந்தார். ஆகவே 650 ரூபாய்க்குப் புல்லர் வாங்கி நான் செய்த இந்த முறை, முதல் தடவையில் சற்று அதிகச் செலவுதான். வண்டியைத் தானே பார்த்துக்கொள்வதில் ஆர்வம் இல்லாதவர்கள் பாகத்தை மட்டும் அந்தக் கடையில் வாங்கி, அனுபவமுள்ள ஒருவரிடம் கொடுத்துவிடுவதே நல்லது.

கடைக்கு ஐந்தில் நான்கரை, பாகங்களுக்கு ஐந்து, புல்லருக்கு மூன்று கொடுப்பேன். நான்கு மாதமும் 3,600 கிலோமீட்டரும் கடந்த பிறகு சென்ற வாரம் மீண்டும் ஜாக்கி போட்டுப் பார்த்தேன்: பூட்டுகள் இரண்டும் முழுமையாக இருக்கின்றன, டை ராட் எண்டை அதன் இடத்தில் இறுக்கிப் பிடிக்கும் லாக் நட்டில் இட்ட பெயின்ட் கோடு விலகவில்லை, சக்கரத்தில் ஆட்டமும் இல்லை. புல்லரின் போல்ட் நுனி மட்டும் இரண்டு தடவை பயன்படுத்தியதற்கே காளான் தலைபோல விரிந்திருக்கிறது. மாடி வீட்டுக்காரர் தம் வேகன் ஆருக்காக அதைக் கேட்டிருக்கிறார். நுனியை ராவிய பிறகுதான் கொடுக்க வேண்டும்.