ஓசூரில் டூலா வைத்த அனுபவம்: கை நல்ல கை, நேரம்தான் தப்பு

பாலக்கோட்டுத் தோழி கேட்டாள்: "ஒன்பதாம் மாசம் ஆயிடுச்சு, ஓசூர்ப் பக்கம் டூலா பேக்கேஜ் விலை குறைச்சிருக்காங்களாம், எடுக்கலாமா?" டூலா என்பவர் பிரசவத்தின்போதும் அதற்குப் பிறகும் தாய்க்குத் துணையாக இருந்து உதவுகிறவர், நர்ஸ் இல்லை, மருந்து கொடுக்கமாட்டார், வீட்டுக்கெல்லாம் சமைக்கமாட்டார் என்பதெல்லாம் அவளுக்கே தெரியும். முழு பேக்கேஜையும் எடுத்துப் பார்த்ததில் எனக்குப் பட்டதை மட்டும் எழுதுகிறேன்.

பால் கொடுக்கும்போது குழந்தை மார்பைக் கவ்வும் பிடியைச் சரிசெய்வதில் எனக்கு வந்த டூலாவுக்கு ஈடு கிடையாது. முதலில் அதைச் சொல்லிவிட வேண்டும். குழந்தையின் பின்மண்டையைப் பிடித்து மார்பில் அழுத்துவதுதான் பல வீடுகளில் நடக்கிறது. அப்படி அழுத்தினால் மோவாய் நெஞ்சோடு ஒட்டிக்கொள்ளும், வாய் பாதிதான் திறக்கும், நுனிக் காம்பை மட்டும் சப்பும். ரெண்டு நாளில் வெடிப்பும் ரத்தமும். அவர் முதலில் செய்தது கையை மண்டையிலிருந்து எடுத்துத் தோள்பட்டைக்கு மாற்றியதுதான். குழந்தையின் மூக்கு காம்புக்கு நேரே வரவேண்டும். கொட்டாவி விடுகிற அளவுக்கு வாய் திறக்கும்வரை பொறுக்கவேண்டும். மோவாய்தான் முதலில் மார்பைத் தொடவேண்டும். கவ்விய பிறகு மேல் உதட்டுக்கு மேலே கருவட்டம் கொஞ்சம் தெரியலாம், கீழே அவ்வளவு தெரியக்கூடாது. குடித்து முடித்துக் காம்பு உருண்டையாக வெளியே வந்தால் சரி. ஒரு பக்கம் சாய்வாக நசுங்கி வந்தால் பிடி தப்பு. நடுவில் வலித்தால் வெடுக்கென்று இழுக்கக்கூடாது, சுண்டுவிரலை வாயோரம் நுழைத்து விடுவித்து, மறுபடி கவ்வவைக்க வேண்டும்.

சிசேரியன் தையல்மேல் குழந்தையின் பாரம் படாமல் இருக்க, பக்கவாட்டில் தலையணை வைத்து, கால்கள் முதுகுப் பக்கம் போகிறபடி கக்கத்தில் இடுக்கிக் கொடுக்கவைத்தார். மூன்றாம் நாளுக்கு மேல் மார்பு கல்லாகக் கட்டிக்கொண்டு குழந்தையால் கவ்வமுடியாமல் போகும். அப்போது கருவட்டத்தைச் சுற்றி விரல் நுனிகளை வைத்து, நெஞ்சுப் பக்கமாக ஒரு நிமிடம் மெதுவாக அழுத்திப் பிடித்தால் அந்த இடம் இளகிவிடும். கவ்வமுடியாததைப் பார்த்துவிட்டுத்தான் "பால் பத்தல" என்று எத்தனையோ வீட்டில் பவுடர் பால் டப்பாவைப் பிரிக்கிறார்கள்.

அந்தப் "பத்தல"வுக்கு அவர் வைத்திருந்த பதில் ஒரு நோட்டு. எத்தனை மணிக்கு, எந்தப் பக்கம், மூத்திரம், மலத்தின் நிறம், இவ்வளவுதான் அதில் எழுதுவார். முதல் நாள் ஒரு தடவை மூத்திரம் போனாலே போதும். அஞ்சாம் நாளிலிருந்து ஆறு தடவைக்குக் குறையக்கூடாது. கறுப்பு மலம் பச்சையாகி, நாலைந்து நாளில் கடுகு மஞ்சளாக மாறவேண்டும். நாலு நாளுக்குப் பிறகும் துணியில் செங்கல் நிறக் கறை படிந்தால் பால் போதவில்லை என்று பொருள், அன்றைக்கே டாக்டரிடம் போகவேண்டும். பிறந்தபோது இருந்த எடை ரெண்டு வாரத்துக்குள் திரும்பிவிடவேண்டும். சர்க்கரைத் தண்ணி வை, வசம்பு உரசி வை, நாக்கில் தேன் தடவு என்று பெரியவர்கள் சொல்லும்போது அவர் எதிர்த்துப் பேசியதில்லை. நோட்டைக் காட்டி, "இன்னிக்கு ஏழு தடவை போயிருக்கு பாருங்கம்மா" என்பார். பேச்சு அதோடு நின்றுவிடும்.

இவ்வளவும் தெரிந்தவர் வீட்டில் இருந்தது காலை பத்திலிருந்து சாயங்காலம் நாலு வரை! இதை நினைத்தால் இன்றைக்கும் எரிச்சல் வருகிறது. நம் வீடுகளில் பகலில் ஆளுக்கா பஞ்சம்? அம்மா இருப்பார், மாமியார் இருப்பார், குளிப்பாட்ட ஆயா வருவார், பார்க்க வரும் சொந்தம் வாசலில் செருப்பு விட இடமில்லாமல் வரும். எடை பார்க்கவும் அபாய அறிகுறி பார்க்கவும் கிராம சுகாதார செவிலியர் காசு வாங்காமல் வருகிறார். ராத்திரி பதினோரு மணிக்கு மேல்தான் பெற்றவள் தனியாள்.

பச்சைக்குழந்தை 24 மணி நேரத்தில் 8 முதல் 12 தடவை குடிக்கும், அதில் மூன்று நாலு தடவையாவது ராத்திரியில். பால் சுரக்கவைக்கும் புரோலாக்டின் என்ற ஹார்மோன் ராத்திரியில்தான் கூடுதல். பாவம் தூங்கட்டும் என்று வீட்டில் யாராவது ரெண்டு வேளைக்குப் பவுடர் பால் கொடுத்தால், இறக்கப்படாத பால் கட்டிக்கொள்ளும், கட்டினால் உடம்பு சுரப்பைக் குறைக்கும். சில நாளில் பகலுக்கும் பத்தாமல் போகிறது. டாக்டரே எழுதிக்கொடுத்துப் பவுடர் கரைக்கிற வீடுகளுக்கு ஒன்று: தர்மபுரி, கிருஷ்ணகிரி போர் தண்ணீரில் பல இடங்களில் ஃப்ளோரைடு அதிகம், ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் கொண்டுவந்ததே அதனால்தான். கொதிக்கவைத்தால் கிருமி சாகும், ஃப்ளோரைடு போகாது, தண்ணீர் வற்றினால் அடர்த்திதான் கூடும். ஒகேனக்கல் தண்ணீரைப் பிடித்துக் கொதிக்கவையுங்கள்.

ராத்திரிக்கு வேண்டிய உதவி ரொம்பச் சின்னது. குழந்தை வாயைத் திறந்து தலையைத் திருப்பும்போதே, அழ விடாமல், எடுத்துக் கொடுக்கவேண்டும். டியூப்லைட் போடாமல் சின்ன விளக்கு போதும். அம்மா ஒருக்களித்துப் படுத்தே கொடுக்கலாம். குடித்ததும் ஏப்பம் எடுப்பது, துணி மாற்றுவது, தலையணை எதுவும் இல்லாமல் மல்லாக்கப் படுக்கவைப்பது எல்லாம் இன்னொருவர் கை. ராத்திரி ஆள் பார்க்காதபோது தூளி வேண்டாம், கழுத்து மடங்கி மூச்சு அடைபடலாம். மார்கழியில் ஓசூர்க் குளிருக்குக் கம்பளியை முகம்வரை போர்த்துகிற வழக்கமும் ஆபத்து. பெரியவர்கள் போடுவதைவிட ஒரு சுற்று துணி கூடுதலாக இருந்தால் போதும், கையைத் தொட்டுப் பார்க்காமல் நெஞ்சைத் தொட்டுப் பார்க்கவேண்டும்.

அழுகை வருவதும் அந்த நேரத்தில்தான். முதல் ரெண்டு வாரம் காரணமில்லாமல் கண்ணீர் வருவது சகஜம். அதைத் தாண்டியும் நீடித்தால், குழந்தை தூங்கியும் அம்மாவுக்குத் தூக்கம் வராவிட்டால் டாக்டரிடம் பேசவேண்டும். 14416 என்ற டெலி-மானஸ் (அரசின் இலவச மனநல உதவி) எண்ணில் எந்நேரமும் தமிழில் பேசலாம். தன்னையோ குழந்தையையோ ஏதாவது செய்துவிடுவோமோ என்று தோன்றினால் தனியாக விடாமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகவேண்டும். பகல் டூலாவின் கண்ணில் இதெல்லாம் படாது. அவர் வரும்போது பெற்றவள் தலைவாரிப் பூவைத்து உட்கார்ந்திருப்பாள்.

ஆகவே, இவ்வளவு புகழ்ந்த பிறகும் சொல்கிறேன்: அந்தப் பகல் பேக்கேஜை எடுக்காதே. விலையைப் பாதியாகக் குறைத்தாலும் வேண்டாம். ராத்திரி ஒன்பதிலிருந்து காலை ஆறு வரை, முதல் ரெண்டு வாரத்துக்கு வருவாரா என்று கேள். வருவார் என்றால் எழுத்தில் வாங்கிக்கொள், பகலில் அவர் தூங்கவேண்டும் என்பதையும் வீட்டில் சொல்லிவை. பெங்களூரிலிருந்து வருகிறவர் என்றால் உன் மாமியாரோடு தமிழிலோ தெலுங்கிலோ பேசுவாரா என்றும் கேட்டுக்கொள். ராத்திரிக்கு ஆள் கிடையாது என்றால் ரெண்டு மூன்று பகல் மட்டும் தனியாகக் கேட்டு வாங்கு. பிடியை உனக்குச் சொல்லித்தரட்டும். ஏப்பமும் துணியும் நோட்டும் உன் வீட்டுக்காரருக்கு. அந்த நாட்களில் அவரை வேலைக்கு லீவு போடச் சொல்.