தடைக்காலக் கடன்: வியாபாரி முன்பணமா, நகைக்கடனா?

மீன்பிடித் தடையால் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் கிழக்குக் கடற்கரை விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. பாம்பன், மண்டபம் வீடுகளில் கடன் ஏறும் காலம் அது.

மீன் வியாபாரி தரும் முன்பணத்துக்கு வட்டியே இல்லை என்பார்கள். ஆனால் பிடித்த மீனை அவருக்கே போட வேண்டும். விலையும் அவர் வைத்ததுதான். கிலோவுக்கு 20 ரூபாய் குறைத்தால் 50 கிலோவுக்கு ஒரே நாளில் 1,000 ரூபாய் போய்விடும், அசல் அப்படியே நிற்கும். இது வட்டியை விடக் கொடுமை.

வங்கி நகைக்கடனில் வட்டி சீட்டிலேயே தெரியும்; மீனை யாருக்கும் விற்கலாம். கெடு தவறினால் நகை ஏலத்துக்குப் போகும், அந்தப் பயம் நியாயமானது. ஆனாலும் நகையைத்தான் அடகு வைக்கச் சொல்வேன். நல்ல மீன்பாடு கிடைத்த அன்றே, கைச்செலவுக்கு முன், ஒரு பகுதியைக் கட்டிவிடுங்கள்.